பக்கத்து ஊருக்குப் பேச கடல் தாண்டிய டெலிபோன்!

ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. காங்கோ ஆறு.

ஆற்றின் இந்தக் கரையில் ஒரு நகரம். அதன் பெயர் கின்ஷாசா. எதிர்க்கரையில் இன்னொரு நகரம். அதன் பெயர் பிராசவில்.

இரண்டும் இரண்டு நாடுகளின் தலைநகரங்கள். இங்கே நின்று பார்த்தால் அங்கே இருக்கும் கட்டடங்கள் தெரியும். இரவில் விளக்கு வெளிச்சம் தெரியும். அவ்வளவு பக்கம்!

அண்ணன் இக்கரையில் இருப்பான். தங்கை அக்கரையில் வாழ்க்கைப்பட்டு இருப்பாள். படகு ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால், டெலிபோனில் பேசவேண்டும் என்றால்?

கின்ஷாசாவில் அண்ணன் பேசும் பேச்சு, முதலில் வானத்துக்குப் போகும். அங்கே சுற்றிக்கொண்டு இருக்கும் செயற்கைக் கோளைத் தொட்டு, ஐரோப்பாவில் போய் இறங்கும். அங்கே இருந்து மறுபடியும் வானத்துக்கு ஏறி, பிராசவில் நகரில் தங்கையின் காதுக்கு வந்து சேரும்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். இந்தச் சுற்றுக்கு எல்லாம் பணம் கட்ட வேண்டியவன் அண்ணன்!

ஏன் இப்படி?

கின்ஷாசா இருக்கும் நாட்டைப் பெல்ஜியம் ஆண்டது. பிராசவில் இருக்கும் நாட்டைப் பிரான்சு ஆண்டது. தபாலும் தந்தியும் எசமானின் நாட்டை நோக்கியே போயின. பக்கத்து வீட்டுக்காரனோடு பேச வழி வைக்கவேண்டும் என்று எசமானுக்கு என்ன அவசியம்?

1960-ம் ஆண்டில் இரண்டு நாடுகளும் விடுதலை அடைந்தன. கொடி மாறியது. டெலிபோன் பாதை மட்டும் மாறவில்லை.

அதை மாற்றியது ஒரு செல்போன் கம்பெனி. அதன் பெயர் செல்டெல். அதைத் தொடங்கியவர் ஒரு ஆப்பிரிக்கர்.

சாப்பாட்டு அறையில் கம்பெனி

அவர் பெயர் மோ இப்ராகிம். சூடான் நாட்டின் வடபகுதியில், நூபியர் இனத்தில், 1946-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனாருக்குப் பருத்திக் கம்பெனி ஒன்றில் வேலை. அதனால் குடும்பம் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகருக்குக் குடிபோயிற்று. இப்ராகிம் அங்கேயே என்ஜினீயர் படிப்புப் படித்தார். பிறகு சூடான் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தார். அதன் பின் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பாடம், கம்பி இல்லாமல் பேசும் டெலிபோன். அந்தக் காலத்தில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலர். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். படிப்புக்கு ஏற்ற வேலையும் கிடைத்தது. பிரிட்டனில் 1985-ம் ஆண்டில் செல்போன் தொடங்கிய கம்பெனிகளில் ஒன்று செல்நெட். அதன் தொழில்நுட்பத் தலைவர் இப்ராகிம்தான்.

நல்ல சம்பளம், பெரிய பதவி. ஆனாலும் 1989-ம் ஆண்டில் அதை உதறிவிட்டார்!

தன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். செல்போன் கோபுரங்களை எங்கே நடவேண்டும், எத்தனை நடவேண்டும் என்று பிற கம்பெனிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் தொழில். உலகம் எங்கும் இருந்து வேலை வந்தது. கம்பெனி வளர்ந்தது.

இப்படி எல்லா நாட்டுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தவருக்கு ஒன்று உறுத்தியது. வேலை கேட்டு வருகிறவர்களில், ஆப்பிரிக்காவில் கோபுரம் நடப்போகிறேன் என்று சொல்லுகிறவர்களைக் காணோமே!

இடி அமீன் பயம்

உகாண்டா நாடு செல்போன் உரிமம் தர முன்வந்தது. பெரிய டெலிபோன் கம்பெனி ஒன்றின் அதிகாரியிடம், "நீங்கள் ஏன் கேட்கக்கூடாது?" என்று இப்ராகிம் யோசனை சொன்னார்.

அந்த அதிகாரி சிரிக்காத குறை. இடி அமீன் ஆளும் நாட்டில் போய்த் தொழில் செய்யலாமா என்று கேட்டார்!

இடி அமீன் உகாண்டாவை விட்டு ஓடியது 1979-ம் ஆண்டில். அவன் போய்ப் பல வருடங்கள் ஆகியும், அவன் மீது உள்ள பயம் மட்டும் லண்டனை விட்டுப் போகவில்லை. இந்தக் கதையை இப்ராகிமே பின்னாளில் எழுதி இருக்கிறார்.

"ஏழை நாடு. டெலிபோன் வைத்துக்கொள்ள யாரிடம் பணம் இருக்கிறது?" என்றும் பலர் கேட்டார்கள்.

இப்ராகிமின் கணக்கு வேறு. தாயார் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவளோடு பேசவேண்டும் என்றால் மகன் 7 நாள் பயணம் செய்யவேண்டும். அதே பேச்சை இந்த நிமிடமே பேசலாம் என்றால், அதற்கு என்ன விலை கொடுப்பான்? 7 நாள் கூலியும் வண்டிச் சத்தமும் மிச்சம் அல்லவா?

ஏழைக்குத்தான் டெலிபோன் அதிகம் தேவை என்பது அவர் கட்சி.

1998-ம் ஆண்டில், ஆப்பிரிக்காவுக்கு என்றே தனிக் கம்பெனி அமைத்தார். அதுதான் பிறகு செல்டெல் என்று பெயர் பெற்றது.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். ஆப்பிரிக்கர் தொடங்கிய கம்பெனி. ஆப்பிரிக்காவில் மட்டுமே தொழில். ஆனால் தலைமை அலுவலகம் இருந்தது ஹாலந்து நாட்டில்!

தேன் கூடும் ஹெலிகாப்டரும்

செல்போன் எப்படி வேலை செய்கிறது?

தேன் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். சிறு சிறு அறைகளாக இருக்கும். செல்போன்காரர்கள் நாட்டையும் அப்படித்தான் அறை அறையாகப் பிரிக்கிறார்கள். 'செல்' என்றால் சிறு அறை என்று பொருள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கோபுரம். நீங்கள் பேசும் பேச்சைப் பக்கத்தில் இருக்கும் கோபுரம் வாங்கிக்கொள்ளும். நீங்கள் பஸ்சில் பேசிக்கொண்டே போனால், ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் உங்களை ஒப்படைக்கும். குழந்தையைக் கைமாற்றிக் கொடுப்பதுபோல!

வீடுதோறும் கம்பி இழுக்கவேண்டியது இல்லை. காட்டையும் ஆற்றையும் தாண்டிச் செம்புக் கம்பி போடவேண்டியது இல்லை. போட்ட கம்பியைத் திருடன் அறுத்துக்கொண்டு போவானே என்ற கவலையும் இல்லை. ஆப்பிரிக்காவுக்கு இது கைமேல் கிடைத்த வரம்.

ஆனால், கோபுரம் நடுவது எளிதா?

கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். பல ஊர்களில் மின்சாரமே கிடையாது. எனவே, கோபுரத்துக்குக் கோபுரம் டீசல் என்ஜின் வைத்தார்கள். என்ஜின் ஓட டீசல் வேண்டும். டீசல் கொண்டுபோக ரோடு வேண்டும். ரோடும் கிடையாது! மலை உச்சிகளுக்கு ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். டீசலைத் திருடாமல் இருக்க காவல் போடவேண்டும். லண்டனில் ஒரு கோபுரம் என்றால் ஒரு கோபுரம். இங்கேயோ ஒரு கோபுரம் என்றால், ஒரு மின்சார நிலையம், ஒரு ரோடு, ஒரு காவல்காரன், அப்புறம்தான் கோபுரம்.

சாம்பியா, மலாவி, சாடு, காபோன், நைஜர், டான்சானியா என்று நாடு நாடாகச் செல்டெல் போயிற்று. கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோ நாட்டில் 2000-ம் ஆண்டில் கால் வைத்தபோது, அங்கே போர் நடந்துகொண்டு இருந்தது! ஏறக்குறைய 5 கோடி மக்கள் வாழ்ந்த அந்த நாட்டில், கம்பி டெலிபோன்கள் சில ஆயிரங்கள்தான்.

சுரண்டும் அட்டை

மாதம் முடிந்து பில் அனுப்பலாம் என்றால், பெரும்பாலோருக்கு வீட்டு நம்பர் கிடையாது. பாங்கிக் கணக்கும் கிடையாது. யாருக்கு அனுப்புவது? எப்படி வசூலிப்பது?

முதலில் பணம், பிறகு பேச்சு! இதுதான் வழி என்று ஆயிற்று.

சிறிய அட்டை. அதைச் சுரண்டினால் ஒரு நம்பர் தெரியும். அந்த நம்பரைச் செல்போனில் அழுத்தினால், கொடுத்த காசுக்குப் பேசலாம். நம் ஊரிலும் பெட்டிக்கடைகளில் தொங்கிய அதே அட்டைதான். மரத்தடியிலும் குடை நிழலிலும் பெண்கள் உட்கார்ந்து இந்த அட்டைகளை விற்றார்கள். ஒரு செல்போனை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு இவ்வளவு என்று பிறரைப் பேசவிட்டும் காசு பார்த்தார்கள்.

காசு இல்லாதவன் என்ன செய்தான்? கூப்பிடுவான். ஒரு மணி அடித்ததும் நிறுத்திவிடுவான். மறுமுனையில் இருப்பவர் கூப்பிடவேண்டும்! நாம் 'மிஸ்டு கால்' என்கிறோமே, அதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் 'பீப்' என்று பெயர். ஏழையின் மூளை எங்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

இதைவிடப் பெரிய யுக்தி ஒன்றை உகாண்டா மக்கள் கண்டுபிடித்தார்கள். பட்டணத்தில் வேலை செய்யும் மகன் ஒரு அட்டை வாங்குவான். சுரண்டிய நம்பரை, கிராமத்தில் செல்போன் வைத்திருப்பவரிடம் வாசிப்பான். அவர் அந்த நம்பரைத் தன் செல்போனில் ஏற்றிக்கொள்வார். தனக்கு உரிய கமிஷனை எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தை மகனின் தாயார் கையில் கொடுத்துவிடுவார். மணியார்டர் இல்லை; பாங்கி இல்லை; பணம் போய்ச் சேர்ந்துவிட்டது!

செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் முறை பிற்பாடு முறைப்படி வந்தது. கென்யாவில் சபாரிகாம் என்ற போட்டிக் கம்பெனி 2007-ம் ஆண்டில் 'எம்-பெசா' என்ற பெயரில் அதைத் தொடங்கி, உலகப் புகழ் பெற்றது.

லஞ்சம் கேட்டால்?

ஆப்பிரிக்காவில் தொழில் செய்தால் லஞ்சம் கொடுக்காமல் முடியாது என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். உரிமம் தர ஒரு மந்திரி. சுங்கச்சாவடியில் ஒரு அதிகாரி. கோபுரத்துக்கு இடம் தர இன்னொருவர். ஒருவருக்குக் கொடுத்தால் போதுமா? மறுநாள் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். லஞ்சம் கொடுத்து வாங்கிய உரிமம், ஆட்சி மாறினால் செல்லுமா?

இப்ராகிம் ஒரு விதி போட்டார். 30 ஆயிரம் டாலருக்கு மேல் எந்தச் செலவு என்றாலும், டைரக்டர்கள் சபையின் சம்மதம் வேண்டும்!

அந்தச் சபையில் இருந்தவர்கள் யார்? பிரிட்டனின் பெரிய டெலிபோன் கம்பெனிகளை நடத்தி ஓய்வு பெற்றவர்கள். பேர்பெற்ற பெரிய மனிதர்கள். அவர்கள் முன்னால், "இது மந்திரிக்குக் கொடுக்கவேண்டிய தொகை" என்று எந்த மானேஜர் எழுதி வைப்பான்?

லஞ்சம் கேட்டவர்களிடம் மானேஜர்கள் கையை விரித்தார்கள். "நான் என்ன செய்வேன்? என் கையில் அதிகாரம் இல்லையே!" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி கிடைத்தது. நல்லவனாக இரு என்று புத்தி சொல்லுவதைவிட, நல்லவனாக இருக்க ஒரு சாக்குக் கொடுப்பது மேல் என்று இப்ராகிம் கண்டுகொண்டார் போலும்.

இதனால் சில வேலைகள் தாமதம் ஆகி இருக்கும். ஆனால் கடைசியில் கம்பெனியை விற்கப் போனபோது, வாங்க வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். மறைக்க ஒன்றும் இல்லை.

ஆற்றின் குறுக்கே

இப்போது காங்கோ ஆற்றுக்குத் திரும்பி வருவோம்.

கின்ஷாசாவிலும் செல்டெல் இருந்தது. பிராசவில் நகரிலும் செல்டெல் இருந்தது. பிறகு எதற்காக ஐரோப்பாவுக்குப் போய்வருவது?

இந்தக் கரையில் ஒரு கோபுரம். அந்தக் கரையில் ஒரு கோபுரம். ஒன்றை ஒன்று பார்த்தபடி இரண்டு வட்டத் தட்டுகள். ஒரு தட்டில் இருந்து கிளம்பும் மின் அலை, ஆற்றின் மேலாகப் பறந்து மறு தட்டில் போய் விழும். அவ்வளவுதான் வேலை! கோபுரம் நடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய வித்தையே அல்ல.

கஷ்டமாக இருந்தது, இரண்டு சர்க்கார்களிடமும் சம்மதம் வாங்குவதுதான். வெளிநாட்டுப் பேச்சு என்றால் அதிகக் கட்டணம். அந்த வருமானத்தை விட யாருக்கு மனம் வரும்?

சம்மதம் கிடைத்தது. தட்டுகள் ஏறின. கட்டணம் இறங்கியது. இரு கரைகளுக்கும் இடையே பேச்சு பல மடங்கு பெருகியது. தங்கையிடம் பேச அண்ணன் இனி சேர்த்து வைக்கவேண்டியது இல்லை.

பணம் எங்கே?

செல்டெலுக்கு ஆட்கள் சேர்ந்தார்கள், பணம்தான் சேரவில்லை. ஆப்பிரிக்கா என்றதும் பாங்கிகள் கதவைச் சாத்தின. கடன் வாங்கித்தான் உலகம் எங்கும் டெலிபோன் கம்பெனிகள் வளர்கின்றன. இப்ராகிமோ பெரும்பாலும் பங்கு விற்று வந்த பணத்திலேயே கோபுரம் நடவேண்டி இருந்தது. கோபுரம் நட நட இன்னும் பணம் வேண்டும். ஓட ஓடப் பசிக்கிற குதிரை போல!

2004-ம் ஆண்டில் கென்யா நாட்டில் கென்செல் என்ற கம்பெனியின் 60 சதவிகிதப் பங்கை, 25 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். பணப் பசி மேலும் வளர்ந்தது.

லண்டன் பங்குச் சந்தையில் பங்கு விற்கலாம் என்று ஏற்பாடு நடந்தது. அதற்குள் செய்தி பரவி, முழுக் கம்பெனியையுமே விலைக்குக் கேட்டு வந்துவிட்டார்கள்! தென் ஆப்பிரிக்காவின் எம்.டி.என். கம்பெனி கேட்டது. அது தனக்குத்தான் கிடைக்கும் என்று நம்பியும் இருந்தது. ஆனால், குவைத் நாட்டு எம்.டி.சி. கம்பெனி அதிக விலை சொல்லிக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

விலை 340 கோடி டாலர்! இது நடந்தது 2005-ம் ஆண்டில். அப்போது செல்டெல் 13 நாடுகளில் இருந்தது. சுமார் 50 லட்சம் பேர் அதன் வாடிக்கையாளர்கள்.

சிப்பந்திகளுக்கும் கம்பெனியில் பங்கு கொடுத்து வைத்திருந்தார் இப்ராகிம். விற்ற அன்று அவர்களில் சுமார் 100 பேர் லட்சாதிபதி ஆனார்கள். நம் லட்சம் அல்ல. 10 லட்சம் டாலர்!

ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். எம்.டி.என். வாங்கி இருந்தால் கம்பெனி ஆப்பிரிக்கர் கையிலேயே இருந்திருக்கும். அதிக விலை அந்த ஆசையை விழுங்கிவிட்டது.

எல்லை அழிந்தது

கிழக்கு ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரி இருக்கிறது. கென்யா, உகாண்டா, டான்சானியா ஆகிய மூன்று நாடுகளும் அந்த ஏரியைச் சுற்றி இருக்கின்றன. வியாபாரி காலையில் ஒரு நாட்டில் இருப்பான்; மாலையில் இன்னொரு நாட்டில் இருப்பான். எல்லையைத் தாண்டியதும் செல்போன் கட்டணம் பல மடங்கு ஏறிவிடும். வருகிற பேச்சுக்கும் பணம்!

2006-ம் ஆண்டு செப்டம்பரில் செல்டெல் ஒரு அறிவிப்புச் செய்தது. இனி மூன்று நாடும் ஒரே நாடு! எங்கே இருந்தாலும் உள்ளூர்க் கட்டணம். வருகிற பேச்சு இலவசம். அந்த நாட்டு அட்டையையே வாங்கிச் சுரண்டலாம்.

அடுத்த ஆண்டு முடிவதற்குள் இது 12 நாடுகளுக்குப் பரவியது. பணக்கார ஐரோப்பாவில், ஒரு நாட்டைத் தாண்டினால் தனிக் கட்டணம் என்ற வழக்கம் 2017-ம் ஆண்டு வரை இருந்தது!

ஒரு சிம், பல பெயர்

குவைத் கம்பெனி 2007-ம் ஆண்டில் தன் பெயரை 'ஜைன்' என்று மாற்றிக்கொண்டது. செல்டெல் பலகைகளை இறக்கிவிட்டு ஜைன் பலகைகளை மாட்டினார்கள். பெயின்ட் காய்வதற்குள் அடுத்த எசமான் வந்துவிட்டார்.

இந்த முறை வந்தவர் இந்தியர்!

சுனில் மிட்டல். லூதியானா நகரில் 1976-ம் ஆண்டில் சைக்கிள் உதிரிப் பாகம் செய்து தொழில் தொடங்கியவர். பிறகு, பொத்தான் அழுத்தும் டெலிபோன் செய்தார். 1995-ம் ஆண்டில் டெல்லியில் செல்போன் தொடங்கினார். அதுதான் ஏர்டெல். ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டும் என்று எம்.டி.என். கம்பெனியோடு 2008-லும், 2009-லும் பேசினார். இரண்டு முறையும் கைகூடவில்லை. 2010-ம் ஆண்டில், ஜைனின் 15 ஆப்பிரிக்க நாட்டுத் தொழிலை வாங்கினார். விலை 1,070 கோடி டாலர்!

நைஜீரியாக்காரர்களின் கதைதான் வேடிக்கை. அங்கே 2001-ம் ஆண்டில் சிம் வாங்கியவரின் கம்பெனிக்கு அப்போது எக்கோநெட் என்று பெயர். பிறகு கொஞ்ச நாள் வோடாகாம் ஆயிற்று. அப்புறம் வி-மொபைல். 2006-ல் செல்டெல் அதை வாங்கியது. 2008-ல் ஜைன். 2010-ல் ஏர்டெல். அதே மனிதர், அதே நம்பர். பெயர் மட்டும் ஆறு!

ஏர்டெல் வந்ததும் கென்யாவில் நிமிடக் கட்டணத்தை 6 ஷில்லிங்கில் இருந்து 3 ஷில்லிங்காகக் குறைத்தது. மற்றக் கம்பெனிகளும் குறைத்தன. மக்களுக்குக் கொண்டாட்டம், கம்பெனிக்குத் திண்டாட்டம்! விலையைக் குறைத்துக் கூட்டத்தைச் சேர்க்கும் இந்தியக் கணக்கு, டீசல் என்ஜினில் ஓடும் கோபுரங்களுக்கு உடனே பொருந்தவில்லை. பல ஆண்டுகள் நஷ்டம். சில நாடுகளை விட்டு வெளியேறவும் நேர்ந்தது. 2019-ம் ஆண்டில்தான் 'ஏர்டெல் ஆப்பிரிக்கா' லண்டன் பங்குச் சந்தையில் ஏறியது. 14 ஆண்டுகளுக்கு முன்பு இப்ராகிம் ஏற நினைத்து, ஏறாமல் திரும்பிய அதே சந்தை!

2025-ம் ஆண்டு மார்ச்சில், 14 நாடுகளில் அதன் வாடிக்கையாளர்கள் 16 கோடிக்கு மேல். அவர்களில் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் செல்போன் வழியாகவே பணம் அனுப்புகிறார்கள், பெறுகிறார்கள்.

விற்றவர் என்ன செய்தார்?

கம்பெனியை விற்ற பணத்தை இப்ராகிம் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. 2006-ம் ஆண்டில் ஒரு அறநிலையம் அமைத்தார். ஒரு பரிசையும் அறிவித்தார்.

நல்ல முறையில் ஆட்சி செய்து, தேர்தலுக்குக் கட்டுப்பட்டு, சொன்ன காலத்தில் நாற்காலியை விட்டு இறங்கிய ஆப்பிரிக்க நாட்டுத் தலைவருக்குப் பரிசு. 10 ஆண்டுகளில் 50 லட்சம் டாலர். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர்.

2007-ம் ஆண்டில் முதல் பரிசு, மொசாம்பிக் நாட்டின் ஜோவாகிம் சிசானோவுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டே நெல்சன் மண்டேலாவுக்குக் கௌரவப் பரிசும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு போட்ஸ்வானா நாட்டின் பெஸ்டஸ் மொகாய்க்குப் பரிசு.

2009-ம் ஆண்டுக்கு ஆள் தேடினார்கள். யாரையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று பரிசுக் குழு சொல்லிவிட்டது. 2010-லும் அதே பதில்.

மண்டேலாவின் கௌரவப் பரிசை விட்டுவிட்டுப் பார்த்தால், 2007 முதல் 2020 வரை 14 ஆண்டுகளில் இந்தப் பரிசைப் பெற்றவர்கள் 6 பேர்தான். மற்ற 8 ஆண்டுகளும் பரிசுப் பணம் பெட்டியிலேயே இருந்தது.